குடும்ப மரத்தில் நான் எழுதிய ஒரு சொல்

பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இணையத்தில் புதிதாக வந்த ஒரு குடும்ப மரத் தளத்தில் போன வருடம் சேர்ந்தேன். உறவினர்களின் பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் பதிவேடு எழுதுகிற கவனத்தோடு நிரப்பினேன். தம்பி மகள் ஸ்டெல்லாவின் பெயருக்கு நேரே ‘தத்து’ என்று குறித்தேன். அவளுக்கு அது தெரியாது. நான் மட்டுமே பார்ப்பேன் என்று நினைத்திருந்தேன். தளமோ அன்றே எல்லோருக்கும் மரத்தை அனுப்பிவிட்டது.

மறுநாள் சென்னையிலிருந்து ஸ்டெல்லா பேசினாள். “பெரியப்பா, என் பேர் பக்கத்துல தத்துன்னு இருக்கே, தப்பா அடிச்சிட்டீங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். “அத உங்கப்பாகிட்ட கேளும்மா” என்றேன். அவள் புரிந்துகொண்டு போனை வைத்துவிட்டாள்.

மாலையில் அரியாங்குப்பத்திலிருந்து தம்பி வந்தான். உள்ளே வராமல் வாசலில் நின்றே பேசினான். “இருபத்திரெண்டு வருஷம் நாங்க காப்பாத்துனத ஒரு பட்டனை அமுக்கி முடிச்சிட்ட. ரிட்டயர் ஆயும் உன் ஆபீஸ் புத்தி போவல. நான் செத்தா அதையும் பதிஞ்சுக்க. ஆனா வந்து நிக்காத.”

அந்தச் சொல்லை உடனே அழித்தேன். ஸ்டெல்லாவுக்கு நான் எழுதிய மன்னிப்புக் கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன.

இப்போது எந்தத் தளத்திலும் என் பெயரை மட்டுமே எழுதுகிறேன். உறவினர் விவரம் கேட்கும் கட்டங்களை வெறுமையாக விட்டுவிடுகிறேன்.