பிரேக்கை மிதித்தும் நம்பாத கார்

எங்கள் கார்குழலி மல்டிமீட்டரைக் கையில் எடுத்தால், துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கூட ஒரு தரம் ஹாரன் அடித்து வணக்கம் வைக்கும். சரி, இதில் பாதி நான் சேர்த்தது. கப்பல் ஹாரன் அடித்தது நிஜம்; அது அவளுக்காகத்தானா என்பதைக் கப்பலைத்தான் கேட்க வேண்டும். மீதிக் கதையில் கலப்படம் குறைவு.

குழலி வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பீம்ராவ் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிறவர். பள்ளியில் அவள் கால்பந்து ஆடினாள். எதிரணிப் பெண்கள் பந்தைவிட அவள் வாய்க்கே அதிகம் பயந்தார்கள் என்று கேள்வி. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, மணலியில் டேங்கர் லாரிகளுக்கு ஒயரிங் பார்க்கும் பட்டறையில் சேர்ந்தாள். பெட்ரோல் ஏற்றுகிற வண்டியில் ஒரு பொறி பறந்தால் தெருவே மிஞ்சாது என்பதால், அங்கே யாரும் யோசிக்காமல் ஒரு ஒயரைக்கூடத் தொடமாட்டார்கள். அந்தப் பொறுமை அவள் கைக்கு ஒட்டிக்கொண்டது. வாய்க்கு ஒட்டவில்லை.

இப்போது திருவொற்றியூரில் சொந்தக் கடை. 'கார்குழலி ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்' என்ற போர்டைப் பார்த்துவிட்டு, கடைக்காகப் பேரை வைத்துக்கொண்டாயா என்று கேட்கிறவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான்: "இல்ல, பேருக்காகத்தான் கடை வச்சேன்."

நான் சொல்ல வந்தது சாராவின் கல்யாணக் காலையை. சாரா, ராயபுரத்தில் என் கீழ்வீட்டு யேசுதாஸின் மகள். யேசுதாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரார் சரக்கையெல்லாம் ஆகாயத்துக்குத் தூக்கியவருக்குத் தரையில் ஓட்டச் சொந்தமாக ஒரு சைக்கிள்தான் இருந்தது. ஓய்வு பெற்றதும் கார் வாங்கினார். இடது முட்டி சரியாக மடங்காது, கிளட்ச் மிதிக்க முடியாது. ஆகவே ஆட்டோமேட்டிக் வண்டி. ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்த அன்றே யேசுதாஸ் தெருவுக்கு அறிவித்துவிட்டார்: இந்த வண்டியில் மகளைத் தானே ஓட்டிப்போய் மாதா கோயில் வாசலில் இறக்கப் போகிறார். அவர் மனைவி ரோசி அன்றிலிருந்தே வெள்ளை சாட்டினில் மகளுக்குக் கவுன் தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணத்தன்று காலை, ராயபுரமே குளித்துப் பவுடர் போட்டு நிற்கும் நேரத்தில் கார் கிளம்பவில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்தினால்தான் அந்த வண்டிக்கு உயிர் வரும். யேசுதாஸ் மிதித்தார், அழுத்தினார். பிரேக்கை மிதிக்கவும் என்று திரையில் எழுத்து வந்தது. "மிதிச்சிகினுதான்டா கீறேன்," என்று அவர் காரிடமே முறையிட்டார்.

முந்தின நாளும் காலையில் இப்படித்தான் முரண்டு பிடித்தது. அவர் மகன் சாவியோ பெடலுக்கு மேலே இருக்கும் சென்சாரைப் புதிதாக வாங்கி வந்து மாட்டினான். சாயங்காலம் வண்டி ஓடியது. தன் கைராசி என்று அவன் இரவெல்லாம் மார்தட்டினான். விடிந்ததும் பழைய கதை. சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டால், திங்கட்கிழமை ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். சாவியோ தன் தோஸ்து வண்டியைக் கொண்டுவருவதாகச் சொன்னான். அதில் கிளட்ச் இருந்தது. யேசுதாஸ் ஸ்டியரிங்கை விடவில்லை.

"இன்னொருத்தன் வண்டியில பின்னாடி குந்திகினு போறதுக்கா நான் இந்த வயசுல லைசென்ஸ் எடுத்தேன்?"

நான் குழலிக்குப் போன் செய்தேன்.

அவளும் கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டவள்தான். மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை, ஹெல்மெட்டுக்குள் நசுங்கிய மல்லிகை, காலுக்கிடையில் டூல்பாக்ஸ் என்று காசிமேடு வழியாக ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பட்டு அழுக்காகாமல் மேலே போட ஏதாவது கேட்டாள். ரோசி உள்ளே போய் யேசுதாஸின் பழைய நீல யூனிஃபார்ம் சட்டையைக் கொண்டுவந்தாள். மார்பில் பாக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நூல்தான் இருந்தது. எலி கடித்திருக்கும் என்றார் யேசுதாஸ், கேட்காமலே.

குழலி சாவியோவைக் காருக்குப் பின்னால் நிறுத்தி, யேசுதாஸை மிதிக்கச் சொன்னாள். சிவப்பு விளக்குகள் எரிந்தன. விட்டார், அணைந்தன. அப்படியென்றால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, பெடலும் வேலை செய்கிறது. பிறகு ஏன் கார் நம்பவில்லை என்று கேட்டேன். அந்த சென்சாருக்குள் இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள் என்று விளக்கினாள். பெடலை மிதித்ததும் ஒன்று மின்சாரம் அனுப்ப ஆரம்பிக்க வேண்டும். மற்றது அதுவரை அனுப்பிக்கொண்டிருந்ததை நிறுத்த வேண்டும். இரண்டு பேர் சொல்வதும் பொருந்தினால்தான் காரின் கம்ப்யூட்டர் நம்பும். இங்கே முதல் சாட்சி ஒழுங்கு. இரண்டாமவன், மிதித்த பிறகும் மிதிக்கவில்லை என்றே சாதிக்கிறான். காரின் கோளாறைப் படிக்க அவள் செருகிய ஸ்கேனரும் அதையே காட்டியது.

அப்போ புது சென்சாரும் டூப்ளிகேட், வேறு வாங்கி வருகிறேன் என்று சாவியோ பைக் சாவியை எடுத்தான்.

"குந்து மாமு," என்றாள் குழலி. "பழசும் புதுசும் சொல்லிவச்ச மாதிரி ஒரே பொய்ய சொல்லாது."

சென்சாரில் செருகியிருந்த பிளக்கைக் கழற்றினாள். இப்போது அந்த இரண்டாம் ஒயர் எதனோடும் சேரவில்லை. அதில் மின்சாரமே இருக்கக் கூடாது. மல்டிமீட்டரின் முனையை வைத்தாள். ஏறக்குறைய பேட்டரி அளவுக்கே காட்டியது. அவள் முகம் கோல் போட்டவள் முகமாக மாறியது.

"ஆளே இல்லாத வூட்ல லைட்டு எரியுது, ஆயா," என்றாள் என்னிடம். என் நரைத்த தலைக்கு அவள் வைத்த பேர் அது.

சென்சார் குற்றமற்றது. பக்கத்து ஒயரிலிருந்து எங்கோ மின்சாரம் இதற்குள் கசிகிறது. பட்டுப்புடவையோடு மல்லாந்து, தலையை பெடலுக்கடியில் நுழைத்து, ஒயர்க் கட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே டேஷ்போர்டுக்குள் கையை விட்டாள். வெளியே வந்த விரல் நனைந்திருந்தது. மழை பெய்து மாதமாகிறது. அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு."

ராயபுரத்தில் கடற்காற்றுதானே என்றான் சாவியோ. காற்றில் உப்பு இருக்கும், இப்படிச் சொட்டாது என்று சொல்லிவிட்டு, மறுபடி தோள்வரை கையை விட்டாள். சேறு படிந்த நண்டை இழுப்பதுபோல் எதையோ இழுத்து வெளியே போட்டாள். ஈரத்தில் ஊறிய ஒரு துணி முடிச்சு. பிரித்தால் கல்லுப்பு, காய்ந்த மிளகாய், ஒரு துண்டு படிகாரம். கண்ணேறு கழிக்கிற சாமான். இரவில் கடற்பனியைக் குடித்து உப்பு கசிந்திருக்கிறது. ஒயர்கள் சேரும் பிளக்கில் சொட்டியிருக்கிறது. வெயில் ஏறினால் காய்ந்துவிடும். சாயங்காலம் ஓடி, காலையில் முரண்டு பிடித்ததற்கு அதுதான் காரணம். சாவியோவின் கைராசி அங்கேயே முடிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். திருஷ்டி பார்ப்பதை எதிர்த்து எங்கள் தெருவில் யேசுதாஸைப் போல் பேச ஆள் கிடையாது. தெருக் கிறிஸ்தவர்கள் வீட்டுக்கு வீடு கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் ஜெபம் ஐந்து நிமிஷம் என்றால், எலுமிச்சம்பழத்தைக் கண்டித்து அவர் பேசுவது அரை மணி. யாரோ பைக்கில் மிளகாய் தொங்கவிட்டதற்கு அவர் செய்த பிரசங்கத்தில் அந்த மிளகாயே வெட்கிச் சிவந்தது.

குழலி முடிச்சுத் துணியை உதறினாள். நீலம். தான் போட்டிருந்த சட்டையின் மார்பில், பாக்கெட் இல்லாத இடத்தில் வைத்துப் பார்த்தாள். அளவு கச்சிதமாக இருந்தது.

"நைனா, ஒங்க எலி நல்லா முடிச்சு போடும் போல," என்றாள்.

"எல்லாரும் வண்டிய பாத்து பாத்துகினு போனாங்கம்மா," என்றார் யேசுதாஸ், கோயில் இருந்த திசையைப் பார்க்காமல். "சும்மா ஒரு சேஃப்டிக்கு."

ரோசி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். தீர்த்தம் தெளித்த வண்டிக்குள் மிளகாயா, ஃபாதர் முகத்தில் எப்படி முழிப்பது, இத்தனை வருஷம் இப்படி ஒரு ஆளோடா குடித்தனம் நடத்தினேன் என்று அவள் ஆரம்பித்தது, குழலி வேலையை முடிக்கும்வரை நிற்கவில்லை.

பேட்டரிக்கு விடுகிற உப்பில்லாத தண்ணீரை ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, பிளக்கைக் கழுவியாயிற்று. காய வைப்பதுதான் பாக்கி. வெயிலுக்குக் காத்திருந்தால் கல்யாணப் பூசைக்கு நேரம் தவறிவிடும். அலங்காரத்துக்காக என் மாடி வீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சாரா, தன் தலையில் ஊதிக்கொண்டிருந்த ஹேர் டிரையரை அலங்காரக்காரப் பெண்ணின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இறங்கி வந்தாள். பாதித் தலை சுருள், பாதித் தலை நேர். கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளே டேஷ்போர்டுக்குள் சூடாக ஊதினாள். மீட்டரில் எண் குறையக் குறைய, தெருவே அதை உரக்கப் படித்தது, ஏலம் தலைகீழாகப் போவதுபோல. சைபர் வந்தபோது குழலி விசில் அடித்தாள்.

பிளக்கைச் செருகி, கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த கோளாறை அழித்தாள். யேசுதாஸ் சிலுவை போட்டுக்கொண்டு மிதித்தார், அழுத்தினார். வண்டி கிளம்பியது. அந்த நேரம் பார்த்துத்தான் துறைமுகத்தில் கப்பல் ஹாரன் அடித்தது.

நடந்து வந்தவர்கள் எங்களை முந்திக்கொண்டு போகிற வேகத்தில் ஓட்டினார். அந்த வேகத்தில் போனால்தானே எல்லோரும் பார்ப்பார்கள். கோயில் மணி ஓய்வதற்குள் வாசலில் நிறுத்தி, தானே இறங்கி வந்து, மகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். அவர் அழுததை நான் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். போட்டோவில் சாராவின் நேர்ப் பாதியை முக்காடு மறைத்துவிட்டது. பட்டுப்புடவைக்கு மேல் பாக்கெட் இல்லாத நீலச் சட்டையோடு நிற்பது குழலி.

இதை எழுதி முடித்து, ஞாயிற்றுக்கிழமை யேசுதாஸ் வீட்டிலேயே படித்துக் காட்டினேன். புருஷனின் முடிச்சு வருகிற இடத்தில் எல்லாம் ரோசி தலையைத் தலையை ஆட்டினாள். யேசுதாஸ் தேநீர் டம்ளருக்குள் ஒளிந்துகொண்டார். குழலி பஜ்ஜியை மென்று விழுங்கிவிட்டு வாயைத் துடைத்தாள்.

"எல்லாம் கரீக்ட்டுதான் ஆயா. முடிச்சு மட்டும் ஒண்ணு இல்ல, ரெண்டு. நீலத்துக்குப் பின்னாடியே இன்னொண்ணு இருந்துச்சு. கல்யாணத்தன்னிக்கு எதுக்குன்னு டப்பாவுல போட்டுகினேன். வெள்ள சாட்டின், கவுனு தச்ச மிச்சம்."