செசிலியக்காவின் சாளைக் குழம்பு

போன வாரம் எங்கள் தெருவில் ஒருவர் மீன் சாப்பிட்டார். இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். சுனாமிக்குப் பிறகு, கோவில்பட்டியில் – செய்திதான்.

சாப்பிட்டவர் செசிலியக்கா. வேம்பாரிலிருந்து பஸ்ஸில் கூடையோடு வந்து எங்கள் தெருவில் மீன் விற்பவர். அவருடைய அம்மா காலத்தில் மாட்டு வண்டியில் கருவாடு வருமாம். காசு வாங்க மாட்டார்கள். கம்பும் சோளமும் வாங்கிக்கொண்டு போவார்கள். கரிசல்காட்டுக் கம்பங்கூழுக்குத் தொடுகறி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? கடலிலிருந்துதான்.

அத்தனை காலத்துத் தொடர்பும் ஒரே வதந்தியில் அறுந்தது. கடலோடு போனவர்களை மீன் தின்றிருக்கும்... யார் ஆரம்பித்தார்களோ! தெருவே மீனை நிறுத்திவிட்டது. எங்கள் வீடும்தான்.

வேம்பார்ப் பக்கம் அலை பெரிதாக வரவில்லை, இது எங்கள் கரையில் பிடித்த மீன் என்று அக்கா வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தார். பக்கத்து வீட்டுத் தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி, கடலுக்கு ஏது வேலி என்று கேட்டுவிட்டார். வந்த கூடை அப்படியே திரும்பிப் போனது.

போன வாரம் வந்தவர் என்னிடம் ஒரு சட்டியும் கொஞ்சம் புளியும் மிளகாய்த்தூளும் கேட்டார். கொடுத்தேன். வாசலில் மூன்று கல்லைக் கூட்டித் தீ மூட்டினார். கூடையிலிருந்த சாளை மீனை ஆய்ந்து கழுவிக் குழம்பு வைத்தார். வாசனைக்கு வாசலுக்கு வாசல் ஆள் வந்து நின்றது. அக்கா தூக்குவாளிச் சோற்றில் குழம்பை ஊற்றிச் சாப்பிட ஆரம்பித்தார்.

அண்ணாச்சி வீட்டம்மாதான் மெல்லக் கேட்டார்: “எப்படிக்கா ஒங்களால திங்க முடியுது?”

அக்கா வாயில் இருந்ததை விழுங்கினார்.

“கொளச்சல்ல கட்டிக்குடுத்த என் தங்கச்சி போயிட்டா, மதினி. அவ மவனும் போயிட்டான். அவன் இன்னும் கெடைக்கல.”

இத்தனை வாரமும் வீடு வீடாக நின்றாரே, ஒரு வீட்டிலும் இதைச் சொல்லவில்லை.

“எங்க வீட்டுல தெனமும் மீன்தான் திங்கோம். எங்களுக்கே எறங்குது. ஒங்களுக்கு எறங்காதா?”

அண்ணாச்சி வீட்டம்மா உள்ளே போனார். கதவைச் சாத்தப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு தட்டோடு திரும்பி வந்து, அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அக்கா ஒரு மீனை எடுத்து வைத்தார். அந்த அம்மா முள்ளை ஒதுக்கிச் சாப்பிட்டார். கண் கலங்கியது. காரம் என்றார்.

பிறகு ஒவ்வொரு பாத்திரமாக வந்தது. எல்லா வீட்டிலிருந்தும் இல்லை... பாதிக் கூடை தீர்ந்தது. நானும் வாங்கினேன்.

மீன் சாப்பிடலாம் என்று டிவியில் டாக்டர்கள் சொன்னபோது சேனலை மாற்றியவர்கள்தான் நாங்கள் எல்லோரும். பயத்தைப் பேசி விரட்ட முடிவதில்லை போலிருக்கிறது – எதிரே உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

எங்கள் தெரு பேரம் பேசாமல் மீன் வாங்கியது, எனக்குத் தெரிந்து, அன்று ஒருநாள்தான்.