பெரட்டில் வாசித்த புள்ளிகள்

ஏ.எல். சோதனை எழுதிவிட்டு, கம்பஸிலிருந்து கடிதம் வரும்வரை வீட்டில் சும்மா இருக்கும் காலம் ஒன்று உண்டு. படித்த பிள்ளை என்று யாரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போகச் சொல்ல மாட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடும். என்னால் அப்படி இருக்க முடியவில்லை. இரண்டே கிழமையில் தெமோதரையிலிருந்து பஸ் ஏறி, பதுளையில் ஒரு சிறிய நிறுவனத்தில் தொண்டராகச் சேர்ந்துவிட்டேன். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. திரும்பிய பக்கமெல்லாம் கருத்தரங்கு, பயிற்சிப் பட்டறை. 'விழிப்புணர்வு' என்ற சொல்லை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

அப்படி ஒரு பட்டறையில், கொழும்பிலிருந்து வந்த ஒருவர் தோட்டத்து மக்களுக்குத் தாங்கள் வாழும் நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று போகிற போக்கில் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று அளந்து காட்டினால்தானே பேச முடியும் என்று எழுந்து நின்று சொன்னேன். எங்கள் நிறுவனத்தின் பொறுப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். நிதானமானவர். "நல்ல யோசனை, செய்யும் பிள்ளை" என்றார். அன்று இரவே இருபத்தைந்து கேள்விகள் தயார். எல்லாம் என் பழைய சரித்திரக் கொப்பியிலும் குடியியல் கொப்பியிலும் இருந்தவை. சுதந்திரம் கிடைத்த வருஷம், மாகாணங்களின் எண்ணிக்கை, பாராளுமன்றத்தில் எத்தனை பேர், கடைசி இராசதானி எது, கொடியில் உள்ள கோடுகளின் நிறம். எனக்கு நூறு வீதம் தெரிந்தவற்றை மட்டுமே கேட்டிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கேள்வித்தாள் பார்க்க வெறுமையாக இருந்தது. பாடப்புத்தகத்தின் அட்டையிலிருந்த அரச இலச்சினையை, அந்தச் சிங்கமும் நெற்கதிரும் உள்ளதை, வெட்டி மேலே ஒட்டிக்கொண்டு போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனேன். கடைக்கார நானா தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"மகள், இது அரசாங்கக் கடுதாசி மாதிரி இருக்கே. போடலாமா?"

அழகுக்குத்தான் நானா என்றேன். நூறு பிரதி.

எங்கள் தோட்டத்திலேயே தொடங்கினேன். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு கைக்குழந்தைகளைக் கூட்டிப் போக வருகிறவர்களைப் பிள்ளைக்காம்பரா வாசலில் மறித்து, பாயை விரித்து உட்கார வைத்தேன். நான் கேள்வியை வாசிப்பேன், அவர்கள் சொல்வார்கள், சிவப்புப் பேனையால் சரி, பிழை போடுவேன். நான்கு நாளில் நாற்பது பேர். இளைஞர்கள் சிலர் நன்றாகச் சொன்னார்கள். பெரியவர்கள் கூச்சப்பட்டார்கள்.

கீழ் லயத்து வரிசையில் கடைசி அறையான தொங்கல் காம்பராவில் ஒரு பெரியம்மா இருந்தார். சொந்தமில்லை. என் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவர், அதனால் பெரியம்மா. கணவர் இறந்து வெகு காலம். ஒரே மகள். பேச்சில் அவரை மடக்க ஒருவராலும் முடியாது. மாகாணம் எத்தனை என்று கேட்டதற்கு, "ரேடியோவுல எல்லாப் பேரும் வருது, நா எங்க எண்ணுனேன்" என்றார். பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிழை போட்டேன். சுதந்திரம் எப்போது கிடைத்தது என்று கேட்டேன்.

"யாருக்கு?" என்றார்.

இன்னும் பெரிய சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டிருக்கிறார் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், விடைப் பட்டியலில் அப்படி ஒரு பதில் இல்லை என்பதுதான். பிழை போட்டேன். இருபத்தைந்துக்கு நான்கு. எல்லோரும் கேட்கும்படி, டீச்சர்மார் சொல்வது போலவே சொன்னேன்:

"இதுகூடத் தெரியாம இந்த நாட்டுல இத்தன வருஷம் எப்படி இருந்தீங்க பெரியம்மா?"

பகிடியாகத்தான் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

அத்தோடு விட்டிருக்கலாம். முடிவை எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும் என்று பட்டறையில் படித்திருந்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒன்றாக நிற்கும் இடம் ஒன்றுதான், விடிகாலைப் பெரட்டுக்களம். அங்கேதான் கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிடுவார், யார் எந்த மலைக்கு என்று சொல்வார், யாரை வேலையிலிருந்து நிறுத்தியாகிவிட்டது என்பதையும் சொல்வார். பெரட்டில் வாசித்ததை அதற்குப் பிறகு யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அது தோட்டத்துத் துரையின் வாயிலிருந்து வந்த மாதிரி. பிறந்ததிலிருந்து அந்தத் தோட்டத்தில் இருந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும், எனக்கு வேண்டியது கூட்டமாக இருந்தது.

கணக்கப்பிள்ளைக்குப் பெருமை. நம்ம தோட்டத்துப் பிள்ளை பேசுது என்று நிற்க இடம் விட்டார். நாற்பது பெயரையும் புள்ளிகளையும் வாசித்தேன். பத்துக்கு மேலே எடுத்தவர்களுக்குச் சான்றிதழ். அதிலும் அதே இலச்சினை. பத்து என்ற கோட்டை யார் போட்டது? நான்தான். கீழே எடுத்தவர்களின் பெயர்களைக் கடைசியில் வாசித்து, இவங்க திரும்பப் படிச்சிட்டு வரணும் என்று முடித்தேன். கைதட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்து இன்னும் நாடற்றவர்களாக இருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் வேலை தோட்டம் தோட்டமாக நடந்தது. பாடசாலைகளில் மேசை போட்டு, ஃபாரம் நிரப்பி, சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்துக்கு அது தேவைப்படவில்லை. தாத்தா காலத்திலேயே வாங்கிய பிரஜாவுரிமைத் தாள் அப்பாவின் டிரங்குப்பெட்டியில் இருந்தது. நானும் விழுந்து விழுந்து வேலை செய்தேன், ஆனால் கொஸ்லந்தையில். அங்கே முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களுக்கு என் கையால் ஃபாரம் நிரப்பினேன். எங்கள் தோட்டத்தை வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். பிறகு கம்பஸ் கடிதம் வந்தது, போய்விட்டேன்.

மூன்றாம் வருஷ விடுமுறையில் வந்தபோது பேச்சு முறிந்து சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. ஐ.சி. என்கிற அடையாள அட்டை இல்லாமல் கொழும்புப் பக்கம் தலை காட்ட முடியாது. அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே பெரியம்மாவின் கதையைச் சொன்னார். மகள் கலியாணம் முடித்துக் கொழும்பில் இருந்தாள். தலைப்பிரசவம். பக்கத்தில் இருக்கவென்று பெரியம்மா ரயில் ஏறிப் போயிருக்கிறார். இறங்கிய இடத்திலேயே பொலிஸ் மறித்தது. ஐ.சி. இல்லை, ஒரு தாளும் இல்லை. தோட்டத்திலிருந்து கடிதம் போய்ச் சேரும்வரை இரண்டு நாள் ஸ்டேஷன் வாங்கில் உட்கார வைத்திருந்தார்கள். பிள்ளை பிறக்கும்போது அந்தப் பெண் தனியாகத்தான் இருந்தாள். விட்டவுடன் பெரியம்மாவைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்கள். பேரப்பிள்ளைக்கு இப்போது ஐந்து மாதம், அவர் இன்னும் பார்க்கவில்லை.

"பிரஜாவுரிமை போட்டப்பவே போட்டிருக்கலாமே?" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "மகக்காரி போயிப் போட்டுக்கிட்டா. இவ போட்டேன்னு மககிட்டப் பொய் சொல்லிட்டு, அன்னிக்கு மலைக்குப் போயிட்டா. நீ ஃபெயில்னு வாசிச்சிட்டியாம்ல."

தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்று பின்னேரமே தொங்கல் காம்பராவுக்குப் போனேன். கோபிப்பார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். பிரஜாவுரிமை கேட்டுப் போன அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தானாம். அந்தக் காலத்தில் ஒரு ஐயா மேசை போட்டு உட்கார்ந்து, எப்ப வந்த, எந்த மாசம், பிள்ளைங்க எங்க பொறந்துச்சு என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். அப்பா ஒரு மாதத்தை மாற்றிச் சொல்லிவிட்டார். நிராகரித்துத் தாள் வந்தது. ஆகவே தாளும் பேனையுமாக ஒருவர் வந்து கேள்வி கேட்டால் அது எதற்கென்று அந்த வீட்டில் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தாளில் சிங்கம் வேறு இருந்தது. பெரட்டில் வேறு வாசித்தார்கள்.

"நீ திரும்பப் படிச்சிட்டு வரச் சொன்ன. மறுபடி எப்ப வெப்பேன்னு சொல்லல" என்றார்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சோதனைக்கும் பிரஜாவுரிமைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அது என் விளையாட்டு என்று. இப்பவும் போடலாம் பெரியம்மா, நாளைக்கே பதுளைக்கு, கச்சேரி ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன் என்று மட்டும் சொன்னேன்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே எதையோ சொல்லிக்கொண்டு வந்தார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். ஹாலிஎல தாண்டும்போது என் பக்கம் திரும்பினார்.

"பாராளுமன்றத்துல இருநூத்தி இருவத்தஞ்சா, இருவத்தாறா?"

லயத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பிடித்து, அந்த இருபத்தைந்து கேள்விகளுக்கும் விடை கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். மூன்று வருஷமாக. இப்போதாவது சொல்லியிருக்கலாம். பக்கத்துச் சீட்டில் ஆட்கள் இருந்தார்கள், கச்சேரி வந்துவிடும், வேலை முடியட்டும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"இருநூத்தி இருவத்தஞ்சு, பெரியம்மா."

கச்சேரியில் இளம் சிங்கள உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார். தோட்டத்துக் கடிதத்தையும், நான் காலையிலேயே நிரப்பி, சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்த ஃபாரத்தையும் பார்த்தார். தெரிந்த தமிழில், அம்மா எங்க பொறந்தது என்று கேட்டார். பெரியம்மா தோட்டத்தின் பெயரைச் சொன்னார். கையெழுத்து வைத்தார். உத்தியோகத்தர் சீல் குத்தி, ஒரு பிரதியைக் கையில் கொடுத்து, ஐ.சி. எடுக்க இதைக் காட்டுங்க என்றார். அவ்வளவுதான்.

பெரியம்மா நகரவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு, கையைக் கட்டி நின்றார். உத்தியோகத்தர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். போகலாம் பெரியம்மா என்றேன்.

"கேள்வி கேக்கலியே."

கேக்க மாட்டாங்க என்று கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். முற்றத்து மரத்தடியில் கையை உருவிக்கொண்டார்.

"எப்பவுமே கேக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப நீ எதுக்குக் கேட்ட?"

சொன்னேன். அறிக்கை எழுத என்று சொன்னேன். ஐந்து பக்க அறிக்கை, வட்ட வரைபடத்தோடு. அதில் 'மிகக் குறைவு' என்று கறுப்புத் தீட்டிய துண்டுக்குள் நீங்கள் இருந்தீர்கள் என்று சொல்லவில்லை. அதை யாரும் வாசிக்கவில்லை என்பதைச் சொன்னேன். சிங்கத்தை நான்தான் ஒட்டினேன் என்பதையும் சொன்னேன். அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்தார். மரத்தடிக் கட்டில் உட்கார்ந்தார்.

"இப்பக் கேளு" என்றார்.

எதை என்று கேட்டேன்.

"படிச்சிருக்கேன்ல. கேளு."

கச்சேரிக்கு வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் பார்க்க, இருபத்தைந்து கேள்விகளையும் கேட்டேன். ஒன்பது மாகாணத்தையும் விரல் மடக்கிச் சொன்னார். கொடியின் நிறத்தைச் சொன்னார். சுதந்திரம் எப்போது என்றேன். வருஷத்தைச் சொன்னார், தேதியோடு. யாருக்கு என்று இந்தத் தடவை கேட்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. கடைசி இராசதானியில் மட்டும் தடுமாறி, கண்டி என்பதற்குப் பதில் அனுராதபுரம் என்றார்.

"இருவத்தி நாலு" என்றேன்.

"நாளைக்குப் பெரட்டுல வாசி."

மறுநாள் பனி விலகுவதற்கு முன்பே போய் நின்றேன். கணக்கப்பிள்ளை பழையபடி இடம் விட்டார், மறுபடியும் ஏதோ பரிசு என்று நினைத்திருப்பார். பெரியம்மாவின் பெயரையும் புள்ளிகளையும் வாசித்தேன். பிறகு, மூன்று வருஷத்துக்கு முன் வைத்த சோதனை நானாக வைத்தது, அரசாங்கத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, அதில் யாரும் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை என்று சொன்னேன்.

பின்னாலிருந்து, தேயிலைச் செடி வெட்டும் ஒரு கவ்வாத்துக்காரர், "அப்ப எனக்குக் குடுத்த சட்டிபிகேட்டும் சும்மாவா? கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிருக்கேனே" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், முன்வரிசையில் சிரிக்காத மூன்று பேரை அதற்குள் பார்த்திருக்காவிட்டால்.

கணக்கப்பிள்ளை மலைகளைப் பிரித்து அனுப்பினார். எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த மூன்று பேர் போகவில்லை. இரண்டு பெண்கள், வயதான ஒரு ஆண். எனக்கு ஒன்றிரண்டு காம்பரா தள்ளி இருப்பவர்கள்தான். பழைய பட்டியலின் கடைசியில் நான் வாசித்த பெயர்கள். அவர்களில் ஒரு பெண் மெதுவாகக் கேட்டார்:

"அப்ப நாங்களும் அன்னிக்கு அந்த ஃபாரத்தப் போட்டிருக்கலாமா?"

மூன்று வருஷத்தில் அவர்களுக்கு எங்கெங்கே என்னென்ன தடைப்பட்டது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது. கையில் ஃபாரம் ஒன்றுகூட இல்லை. இருபத்து நான்கு என்று எழுதிய தாள் மட்டும் இருந்தது.

பெரியம்மா கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"அந்தத் தாளுக்குப் பின்னால எழுது" என்றார். "பேரையும் பொறந்த தோட்டத்தையும் மட்டும் எழுது. வேற ஒன்னும் கேக்காத."