போதும்னு சொன்ன அண்ணன்

இத எழுதவே வேணாம்னுதான் நெனச்சேன். பத்தாவது ஃபெயிலானவன் எழுதி யாரு படிக்கப் போறாங்க? ஆனா இன்னைக்கு மத்தியானம் கறிக்குழம்பு சட்டியில அம்மா கரண்டியத் தட்டுன சத்தம் என்ன விடவே மாட்டேங்குது.

நான் சின்னப் பையனா இருந்தப்ப, எங்க சர்ச் வாலிபர் ஊழியத்துக்கு ஜெர்மனியிலருந்து யோனாஸ்னு ஒரு அண்ணன் வந்தாரு. ஃபிரேசர் டவுன்ல எங்க வீட்லதான் தங்குனாரு. அவங்க ஊர்ல தட்ட காலி பண்றதுதான் மரியாதையாம். நம்ம வீட்ல தட்டு காலியானா இன்னும் பசின்னு அர்த்தம். அவரு வழிச்சு வழிச்சுத் தின்னாரு, அம்மா அள்ளி அள்ளிப் போட்டாங்க. அவரு "போதும்"னு சொன்னா, வெக்கப்படறாருன்னு அம்மா நெனச்சாங்க. தட்டு மேல கைய வச்சு மறைச்சாத்தான் அம்மா நிறுத்துவாங்கன்னு எனக்குத் தெரியும். அவருகிட்ட சொல்லல. "அம்மா, அண்ணன் தட்டு காலி!"ன்னு கத்திக்கிட்டே இருந்தேன். அவருக்கு மூஞ்சி செவந்து வேர்த்து ஊத்துச்சு. நான் உருண்டு சிரிச்சேன்.

போன மாசம் அதே ஊழியத்துக்கு நான் ஜெர்மனி போனேன். மொத நாள் சாப்பாட்டுல ஒரு அம்மா "இன்னும் வேணுமா?"ன்னு கேட்டாங்க. மரியாதைக்கு "வேணாம்"னேன். மறுபடி கேப்பாங்கன்னு பாத்தா, சிரிச்சுக்கிட்டே பாத்திரத்தத் தூக்கிட்டுப் போயிட்டாங்க! பசியில யோனாஸ் அண்ணன் மூஞ்சிதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு.

ஊர் திரும்பி இன்னைக்கு வீட்ல சாப்பிட உக்காந்தப்ப, "போதும்மா"ன்னு சொல்லச் சொல்ல அம்மா போட்டாங்க. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. காரம்னு சொல்லிட்டேன்.

எழுதுனத அந்தோணிக்கு அனுப்புனேன். அன்னைக்கு என்கூட உக்காந்து சிரிச்சவன் அவன். உடனே பதில் வந்துச்சு: "மச்சா, மூணு நாள் வயித்தால போனது யோனாஸ் அண்ணனுக்கு, மொதல்ல அவருக்கு அனுப்புடா."