அப்பாவின் டப்பாவும் அக்காவின் மூச்சும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்ரோல் வாசனை சமையலறை வரைக்கும் வந்துவிட்டால், அப்பா காரின் பானட்டைத் திறந்துவிட்டார் என்று எங்கள் தாம்பரம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அடுத்து யாரைக் கூப்பிடுவார் என்பதும் எனக்குத் தெரியும், அதனாலேயே அந்த வாசனை எனக்கு ஆகாது. எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. அப்பாவிடம் இரண்டு பேர் ஓட்டித் தள்ளிய ஒரு பழைய கார் இருந்தது, அக்காவிடம் பாட்டு வகுப்பில் பழகிய நீளமான மூச்சு இருந்தது, என்னிடம் இருந்ததெல்லாம் மழைக்காலத்து இளைப்புதான்.

அந்தக் காரில் பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டத் தகரப் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். வேக்குவம் அட்வான்ஸ் என்று பெயர். எங்கள் வீட்டில் வெறும் "டப்பா". மெல்லிய குழாய் வழியாக எஞ்சின் காற்றை இழுக்க, டப்பாவுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு அசைந்து ஒரு தட்டைத் திருப்பி, ஓட்டத்துக்கு ஏற்றபடி தீப்பொறியைச் சற்று முன்னதாக விழவைக்கும். சவ்வு கிழிந்தால் வண்டி மந்தமாகிவிடும், பெட்ரோலும் குடிக்கும். அதைச் சோதிக்க ஒருவர் குழாயை வாயில் வைத்து இழுத்து, நாக்கால் அடைத்துப் பிடிக்க வேண்டும், அப்பா குனிந்து தட்டைப் பார்ப்பார். திரும்பிய இடத்திலேயே தட்டு நின்றால் சவ்வு நல்லது, பழைய இடத்துக்கு வந்துவிட்டால் ஓட்டை. இழுப்பவள் எப்போதும் அக்காதான். "எங்க மூச்சுக்காரி" என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் அவளைக் காட்டுவார், எனக்கு வயிறு எரியும்.

ஒரு கோடையில் வண்டி நகரவே முனகியது. அக்கா இழுத்தாள், தட்டு திரும்பி நின்றது. டப்பாவில் கோளாறில்லை என்று முடிவுகட்டிய அப்பா பிளக், பாயின்ட், கார்புரேட்டர் என்று மற்றதையெல்லாம் மாற்றியும் கழுவியும் ஓய்ந்துபோனார். அழுது அடம்பிடித்து நானும் ஒருமுறை குழாயை வாங்கி இழுத்தேன். மூச்சு முடிந்ததும் நாக்கால் குழாயை அடைத்துக்கொண்டேன். அப்படியும் தட்டு பழைய இடத்துக்கே வந்துவிட்டதாக அப்பாவே சொன்னார். அப்படியென்றால் டப்பா ஓட்டை என்றேன். அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"இவளுக்கு மூச்சும் பத்தல, பொறாமை வேற."

பொறாமை இருந்தது உண்மைதான். ஓட்டையும் இருந்தது. முதலாவது வீடு முழுக்கத் தெரிந்திருந்ததால் இரண்டாவதை யாரும் நம்பவில்லை.

கடைசியில் வேறு டிஸ்ட்ரிபியூட்டரே தேடுவது என்று, பழையதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கிளம்பினார். அக்காவுக்குப் பாட்டு வகுப்பு, அதனால் என்னை அழைத்துப் போனார். தார்ப்பாயில் பழைய சாமான்களைக் குவித்திருந்த கடைக்காரர், "டப்பா நல்லா கீதா சார்?" என்று கேட்க, நன்றாக இருக்கிறது என்று காட்டுவதற்காக அப்பாவே குழாயில் வாய்வைத்தார். சிகரெட் பிடிக்கிறவர், அவர் மூச்சும் என்னுடையதைப் போலத்தான். மூச்சு நின்றதும் நாக்கால் அடைத்தார், அப்படியும் தட்டு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மறுபடி இழுத்தார், மறுபடியும் வந்துவிட்டது. அக்கா நாக்கால் அடைப்பதே இல்லை, விடாமல் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் விளங்கியது. அவளுடைய மூச்சு அத்தனை நாளும் ஓட்டையை மறைத்திருந்தது.

அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு, குவியலிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஓட்டைன்னா நீதான் சொல்லுவ. இழு."

சிலவற்றைத் தள்ளிவிட்டேன். ஒன்று மட்டும் என் மூச்சு தீர்ந்த பிறகும் அசையாமல் நின்றது. அதை வாங்கிக்கொண்டு ரயிலில் திரும்பும்போது என்னைவிடப் பெரிய ஆள் அந்தப் பெட்டியில் யாருமில்லை.

சாயங்காலம் டப்பாவைப் பொருத்தினார். பானட்டை மூடுவதற்கு முன் வீட்டைப் பார்த்து, "மூச்சுக்காரி, வாம்மா" என்று கூப்பிட்டார். அக்கா வந்து இழுத்தாள், தட்டு நின்றது, அப்பா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். சந்தையில் நடந்ததை அவர் சொல்வார் என்று நான் படிக்கட்டிலேயே காத்திருந்தேன். சொல்லவில்லை.

அந்தக் கார் எடைக்குப் போய்விட்டது. இப்போதைய வண்டிகளில் தீப்பொறியைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது, டப்பாவும் கிடையாது, குழாயும் கிடையாது. அப்பாவும் இல்லை. போன மாதம் அக்கா தன் பிள்ளைகளிடம், "நான் இழுத்துப் பாத்தாதான் தாத்தாவுக்கு நம்பிக்கையே வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.