மாறிய கோப்புகள் மட்டும்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த கட்டடப் பொறியாளர் அலுவலகத்தில் அப்போது வேலை பார்த்தேன். கணக்கு, தட்டச்சு, தொலைபேசி எல்லாம் என் பொறுப்பு. கணினி படித்தவள் என்பதால் பேக்கப்பும் என் தலையில் விழுந்தது. மூலையில் இருந்த சர்வரில்தான் அத்தனை வரைபடங்களும் இருக்கும். மாலையில் எல்லோரும் வேலையை மூடிய பிறகு அவற்றை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, முதலாளியான பொறியாளர் சாரிடம் தர வேண்டும். அவர் அதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார். நகல் முடியும்வரை நான் கிளம்ப முடியாது.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், சேலையூரில், ஒரு அம்மா தன் வீட்டிலேயே நடத்திய காப்பகத்தில் என் மகளை விட்டிருந்தேன். மூன்று வயது. கணவருக்குச் சிறுசேரியில் வேலை. அவருடைய கம்பெனி பஸ் வந்து சேர இருட்டிவிடும். நான் ரயில் நிலையப் பாலம் ஏறி இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேரும்போது மற்ற பிள்ளைகள் போயிருப்பார்கள். அவள் மட்டும் செருப்பு மாட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்து, வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். அழ மாட்டாள். அழுதிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றும்.

ஒருநாள் அந்த அம்மா சொல்லிவிட்டார். “உங்க ஒரு பொண்ணுக்காக டெய்லி வாசல்ல காவல் இருக்க முடியலம்மா. தப்பா நினைக்காதீங்க. இப்படியே போனா அடுத்த மாசம் வேற இடம் பாத்துக்குங்க.”

வேறு இடம் கிடையாது. இருந்தவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் அங்கே சேர்த்திருந்தேன்.

கணினி விற்ற கடைக்காரருக்கு ஃபோன் செய்தேன். “மொத்தத்தையும் ஏன் மேடம் தினம் அள்றீங்க? மாறினதை மட்டும் எடுங்க” என்று ஒரு வரிக் கட்டளை சொன்னார். தேதி பார்த்து, புதிதாகச் சேமித்த கோப்புகளை மட்டும் அது எடுக்குமாம். அடித்துப் பார்த்தேன். நேரம் கொஞ்சம் குறைந்தது. மற்ற பிள்ளைகள் கிளம்புவதற்குள் போய்ச் சேரும் அளவுக்கு இல்லை. நான்தான் தப்பாக அடித்தேனோ என்று மறுபடி மறுபடி அடித்தேன்.

பிறகு திரையில் ஓடிய பெயர்களை நின்று படித்தேன். கிரகப்பிரவேசம் முடிந்து ஆள் குடியேறிவிட்ட வீடுகளின் வரைபடங்களெல்லாம் அன்று மாறியவையாக ஓடிக்கொண்டிருந்தன. மறுநாள், வரைபடம் வரையும் எங்கள் மூத்த டிராஃப்ட்ஸ்மேனைக் கவனித்தேன். அனகாபுத்தூர்க்காரர். மாடிப்படி, ஜன்னல் அளவு பார்ப்பதற்குப் பழைய வரைபடங்களைத் திறப்பார். ஒன்றும் மாற்றாமலே சேவ் செய்து மூடுவார். அதோடு கோப்பின் தேதி புதிதாகிவிடும்.

“அண்ணா, சும்மா பாக்கத்தானே திறக்கறீங்க, எதுக்கு சேவ் பண்றீங்க?”

“ஒருவாட்டி ஒருநாள் வேலை பூரா கரண்ட்ல போச்சும்மா. கரண்ட் இன்னா உன்கிட்ட சொல்லிக்கினா போவும்? அதுலேர்ந்து கை தன்னால போவுது. வூட்ல டிவி நிறுத்தறப்ப கூட சேவ் பண்ட்டியான்னு எம் பொஞ்சாதி கிண்டல் பண்றா.”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேஸை மூடினேனா என்று பாதிப் படியில் திரும்பி ஓடுகிறவள் நான்.

முடிந்த வேலைகளை மாற்ற முடியாதபடி பூட்டிவிடலாமா என்று சாரிடம் கேட்டேன். எது முடிந்தது என்று அண்ணனைக் கேட்டுச் செய்யச் சொன்னார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இந்த வீடு முடிஞ்சுதாண்ணா?”

“வூடு எங்கம்மா முடியுது? நாளைக்கே மேல ஒரு மாடி எடுப்பான்.”

“எடுக்கட்டும். அன்னைக்குத் திறந்து தரேன். என் பொண்ணு வாசல்ல உட்கார்ந்திருப்பாண்ணா.”

அவர் திரையில் அடுத்த வீட்டையும் விரலால் காட்டினார். “இன்னாமா, மின்னாடியே சொல்றதில்லையா? போடு பூட்டு. அதுக்கும் போடு.”

அன்று மாலை நான் டிபன் பாக்ஸைப் பையில் வைப்பதற்குள் திரையில் பெயர்கள் ஓடி முடிந்து நகல் நின்றுவிட்டது. நம்பிக்கை வரவில்லை. டிஸ்க்கிலிருந்து அன்றைய வரைபடங்கள் சிலவற்றைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தன. “போங்கம்மா” என்றார் சார், பேப்பரிலிருந்து நிமிராமல். பாலத்தின் மேல் ஏறும்போது, எதையோ விட்டுவிட்டேன் என்று தோன்றியது. திரும்பிப் போகவில்லை.

காப்பகத்தில் பிள்ளைகள் நிறைய பேர் இருந்தார்கள். மகள் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். காலில் செருப்பு இல்லை. கூப்பிட்டேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு மற்ற பிள்ளைகளைப் பார்த்தாள்.

“எல்லாரும் இருக்காங்களேம்மா. நாம கடைசியிலதானே போவோம்?”

“இன்னைக்கு அம்மா சீக்கிரம் வந்துட்டேன். வா.”

வரவில்லை. இழுத்துப் போக எனக்குத் தெம்பில்லை. “இதே மாதிரி வந்தா போதும்மா, இங்கேயே இருக்கட்டும்” என்றார் காப்பகத்து அம்மா. தலையாட்டிவிட்டு, மகள் தினமும் உட்காரும் வாசற்படியில் உட்கார்ந்தேன். தாய்மார்கள் வந்தார்கள், என்னைத் தாண்டிப் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். கடைசிப் பையனும் அப்பாவின் வண்டியில் ஏறிப் போன பிறகு, மகள் வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, பையை என் மடியில் வைத்தாள்.