விரலில் வைக்காத மை

தேவப்பிரியம் அரசியல் விஞ்ஞானம் படித்தவர் என்றதும் பெண் வீட்டார் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளை எந்தக் கட்சி?" என்பதுதான். பாவம், அவருக்குக் கட்சியே கிடையாது. தண்டையார்பேட்டையில் அப்பாவின் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தார். பஸ் பிடித்துப் பாரிமுனைக்குப் போய், கல்லூரியில் வாக்குரிமை பற்றிப் பாடம் நடத்துவார். மனிதனை அரசாங்கம் மனிதனாக ஒப்புக்கொள்ளும் நாள் தேர்தல் நாள் ஒன்றுதான் என்று மேசையைத் தட்டிச் சொல்வார். கேட்கிற பையன்களுக்குப் புல்லரிக்கும்.

அறுபத்திரண்டில் ராயபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவரையே வாக்குச்சாவடிக்குத் தலைமை அதிகாரியாகப் போட்டார்கள். அழியாத மை அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. மத்தியானம், உப்புப் பூத்த கைலியோடு ஒரு மீனவன் வந்து நின்றான். இரண்டு கட்சி ஏஜென்டுகளும் அலறி எழுந்தார்கள்.

"அம்புரோஸ் கடல்ல பூட்டான் சார். மாதா கோயில்ல அவனுக்குப் பூசைகூட வெச்சாச்சு. இவன் வேற எவனோ!"

ஜென்மத்தில் ஒத்துப்போகாத அந்த இரண்டு பேரும் அன்றைக்குத்தான் ஒத்துப்போனார்கள்.

"நான்தான் சார் அம்புரோஸு. படகு கவுந்து ஆந்திராப் பக்கம் ஒதுங்கிட்டேன். இன்னிக்கிதான் வந்தேன். என் பொண்டாட்டி ஃப்ளோராவே பேயின்னு கதவ சாத்திகினா. வெரல்ல மை வெச்சு வுடு சார். பேய்க்கு மை ஒட்டாதுல்ல? அதக் காமிச்சு வூட்டுக்குள்ள பூடுவேன்."

விசாரித்து முடிவு செய்யும் அதிகாரம் தேவப்பிரியத்துக்கு இருந்தது. ஆனால் வரிசை தெருமுனை வரை நின்றது. ஏஜென்டுகள் கத்தினார்கள். மனுஷர் வெலவெலத்துப் போனார்.

"உங்களைத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். தெரிந்தவர்கள் அத்தனை பேரும் கதவைச் சாத்திக்கொண்ட ஊரில், அவன் யாரைக் கூட்டி வருவான்?

மறுநாள் காலை அம்புரோஸின் உடல் கரை ஒதுங்கியது. உயிர் போனது முந்தின நாள் சாயங்காலம்தான் என்றார் டாக்டர்.

அதன்பின் தேவப்பிரியம் மேசையைத் தட்டுவதை விட்டுவிட்டார். வாக்குரிமைப் பாடத்தை வேறு யாருக்காவது தள்ளிவிடுவார். அறுபத்தேழில் மறுபடி அதே பள்ளிக்கூடம். அதே மத்தியானம். வரிசையில் அம்புரோஸ் நின்றிருந்தான். கைலியிலிருந்து தண்ணீர் சொட்டியது, தரை மட்டும் நனையவில்லை. தேவப்பிரியம் டீ குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டார். திரும்பி வந்தபோது அவன் இல்லை. ஓடிப்போனோமே என்ற வெட்கம், பயத்தைவிட அதிகமாக அவரை அரித்தது.

எழுபத்தொன்றில் அவர் துறைத்தலைவர். தேர்தல் வேலையிலிருந்து தப்பித்திருக்கலாம். அவராகவே ராயபுரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் ஃப்ளோரா வந்தாள். அவளுக்குப் பின்னால் அவன். அவள் முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாக்குப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அம்புரோஸ் இடது கையை நீட்டினான். தேவப்பிரியம் குமாஸ்தாவிடமிருந்து மைக்குச்சியை வாங்கி, தானே அவன் விரலில் வைத்தார். மை விரலை ஊடுருவி மேசைமேல் விழுந்தது. இன்னொரு தடவை வைத்தார். அதுவும் மேசையில்தான் விழுந்தது.

"யாருக்கு சார் வெக்கிறீங்க?" என்றார் குமாஸ்தா, பயந்துபோய்.

அம்புரோஸ் வெறும் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ நான் மெய்யாலுமே செத்துதான் பூட்டேனா சார்?"

தேவப்பிரியம் மைக்குச்சியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு வெச்சிருந்தா ஒட்டியிருக்கும், அம்புரோஸ்" என்றார்.